புறக்கோட்டையில் பவுணும் புடவையும்: கொழும்புக்கு வருபவர்களுக்கு

வெள்ளவத்தையில் தங்குபவர்கள் புறக்கோட்டைக்குப் போக ஓட்டோ தேடத் தேவையில்லை. கரையோர ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கினால் சந்தை எதிரிலேயே. ரயில் பிந்தினால் காலி வீதியில் 100, 101 பஸ். திரும்பும்போது பைகள் இருக்கும், அப்போது பிக்மீ செயலியில் ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் குறுக்குத் தெருவுக்குள் ஓட்டோவை வரச் சொல்லாதீர்கள். நாட்டாமைகளின், அதாவது சுமை தூக்குபவர்களின், வண்டில்கள் வழியை அடைத்து நிற்பதால், பாதியில் ரத்துச் செய்துவிடுவார்கள். நிலையத்தின் முன்பக்கம் வந்து கூப்பிடுங்கள்.

ஞாயிறும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் பெரும்பாலான கடைகள் பூட்டு. வெள்ளி மதியம் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் இரண்டு மணிவரை சாத்தியிருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் ஷட்டர் சத்தம்தான் கேட்கும். ஆகவே வார நாளில் காலை பத்துமணிக்கே போய்விடுவது நல்லது.

முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள். இரண்டாம் தெருவில், சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலைச் சுற்றி, துணியும் பான்சிச் சாமான்களும். கெய்சர் வீதியிலும் துணிதான். சரக்குத்தூள், ஏலம், கறுவா வாங்க ஐந்தாம் தெரு. நாட்டு மருந்துக்குக் காபோஸ் லேன். உள்ளே நுழைந்ததும் "சில்லறையா குடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். மொத்தக் கடையில் டசினுக்குச் சொன்ன விலையை ஒன்றுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கவுண்டரில் தர்க்கப்படுவது அடிக்கடி நடக்கிறது.

நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில்தான் நிதானம் வேண்டும். பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் பவுண் விலை, அதாவது 8 கிராம். அது 24 கரட்டா 22 கரட்டா என்று முதலில் கேளுங்கள். நகை 22 கரட்டில்தான் வரும், தங்கம் 91.6 வீதம். 12.4 கிராம் சங்கிலி என்றால் 1.55 பவுண். இதைப் பவுண் விலையால் நீங்களே பெருக்கிப் பார்த்துவிட்டு, செய்கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் தங்க விலை ஏறக்குறைய ஒன்றுதான். பேரம் பேச இடமிருப்பது இந்த இரண்டிலும்தான். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்து எழுதாவிட்டால், கண்ணாடிக் கல்லுக்குத் தங்க விலை கொடுப்பீர்கள். பில்லில் நிகர எடையும் கரட்டும் இல்லையென்றால் பணத்தை நீட்டாதீர்கள்.

சாரி பிளவுஸை வந்த முதல் நாளே வெள்ளவத்தையில் தைக்கக் கொடுங்கள். அளவாக இருக்கும் பழைய பிளவுஸ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். புறப்படும் நாளுக்கு முந்தின நாளை ரெய்லரிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது. மூன்று நாள் முன்னதாகவே கேளுங்கள். பொய்தான், ஆனால் வேலை நடக்கும்.

சாப்பாட்டுக்குச் சைவக்கடை போதும். கேட்காமலே வடை, ரோல்ஸ் தட்டு மேசைக்கு வரும். எடுத்ததற்கு மட்டும்தான் கணக்கு. பெரிய ரெஸ்ரோரன்ற் என்றால் மெனு விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 10 வீதம் சேவைக் கட்டணம் பில்லில் இருந்தால் பரிமாறுபவருக்குத் தனியாக ரிப்ஸ் கொடுப்பது கட்டாயமில்லை.