பாஸ் சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டாம இருக்க ஒரு ஆன்லைன் கிளாஸ்: முழுசா முடிச்சிட்டு எழுதற ரிவ்யூ

நாலு வாரம், வாரத்துக்கு ரெண்டு நாள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். நம்ம வேலையே இல்லாத வேலைய மேல இருக்கறவங்க நம்ம தலைல கட்டும்போது எப்படி மறுக்கறதுன்னு சொல்லித் தர்றதுதான் மொத்த கிளாஸும். நடத்தினவங்க பேரு போடல, குறையும் நிறைய சொல்லப்போறேன். இந்த மாதிரி கிளாஸ் இப்ப பல பேரு நடத்தறாங்க, சேர்றதுக்கு முன்னாடி எதெல்லாம் கேட்டுக்கணும்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

நான் ஏன் சேர்ந்தேன்னா, அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், ஆறு வருஷமா ஒரே மேனேஜர். மொதல்ல "இந்த ஒரு டிக்கெட் மட்டும் புக் பண்ணிடும்மா"ன்னு ஆரம்பிச்சது, அப்பறம் அவரு வீட்டு கரண்ட் பில், அவரு தம்பி லோனுக்கு பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பறது, கடைசில அவரு பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்லைடு போடறது வரைக்கும் வந்துருச்சு, அதுவும் மாசக்கடைசி க்ளோசிங் ஓடிட்டிருக்கும்போது. என் சொந்த வேலைய ராத்திரி வீட்ல உக்காந்து முடிப்பேன். ஒரு தடவ க்ளோசிங்ல ஒரு எண்ட்ரி ரெண்டு தடவ விழுந்துருச்சு, மெமோ எனக்கு வந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் பூரா நான் செஞ்சிட்டிருந்தது அந்தப் பையனோட ஸ்லைடு. மெமோவுக்கு பதில் எழுதும்போது அத எழுத எனக்கு தைரியம் வரல. அந்த வாரமே பணம் கட்டி சேர்ந்துட்டேன்.

மொதல் கிளாஸ் உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. சுவிட்சர்லாந்துல பெர்ன் யூனிவர்சிட்டில நார்பர்ட் செம்மர்னு ஒரு சைக்காலஜி பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் இத வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அவங்க இதுக்கு வச்ச பேரு "நியாயமில்லாத வேலைகள்". அதுல ஒரு வகை, யாருமே செய்யத் தேவையில்லாத வெட்டி வேலை. இன்னொரு வகை, செய்ய வேண்டிய வேலைதான், ஆனா அத உங்ககிட்ட குடுத்திருக்கக் கூடாது. வேலை கஷ்டமா இருக்கறது வேற, "இத எப்படி என்கிட்ட குடுக்கத் தோணுச்சு, என்னை என்னன்னு நெனச்சாங்க"ன்னு மனசு நோகறது வேற, அந்த நோவத்தான் அவங்க தனியா எடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க.

அதே கிளாஸ்ல ஜப்பான் சட்டத்தையும் காட்டினாங்க. அங்க பவர் ஹராஸ்மென்ட்ட, அதாவது பதவி பலத்த வச்சு கீழ இருக்கறவங்கள படுத்தறத, தடுக்கறது முதலாளியோட சட்டக் கடமை, பெரிய கம்பெனிங்களுக்கு 2020 ஜூன்லேர்ந்து, சின்ன கம்பெனிங்களுக்கு 2022 ஏப்ரல்லேர்ந்து. அதுக்கு அரசாங்கம் போட்ட வழிகாட்டில, ஆபீஸ் வேலைக்கு சம்பந்தமில்லாத சொந்த வேலைய ஊழியர்கிட்ட கட்டாயப்படுத்தி வாங்கறதையும் ஒரு உதாரணமா எழுதி வச்சிருக்காங்க. அத ஸ்க்ரீன்ல படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க. ஆறு வருஷமா "இதெல்லாம் ஒரு விஷயமா, நான்தான் பெருசு பண்றேன்"னு என்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அடுத்து வீட்டுப்பாடம். அவங்கவங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர எடுத்து ஒரு வரி விடாம படிக்கணும். என் லெட்டர்லயும் இருந்துச்சு, கிளாஸ்ல பாதி பேரு லெட்டர்லயும் இருந்துச்சு, "மேலதிகாரி அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்"னு ஒரு வரி. அத வச்சித்தான் எல்லாரும் பயந்துட்டு இருந்தோம். டீச்சர் நல்லா விளக்கினாங்க: அது கம்பெனி வேலைய பத்தின வரி, உங்க மேனேஜர் வீட்டு வேலைய பத்தினது இல்ல. ஆனா அதே மூச்சுல இன்னொண்ணும் சொன்னாங்க, பக்கத்து சீட்டுக்காரங்க லீவுல இருக்கும்போது அவங்க வேலைய ரெண்டு நாள் பாத்துக்கறத எல்லாம் "என் டூட்டி இல்ல"ன்னு தட்டிக்கழிச்சா நாளைக்கு நமக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு. எனக்கு அது சரின்னு பட்டுச்சு. அப்பறம் ரெண்டு வாரம் கணக்கு எழுதச் சொன்னாங்க, என்ன தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம், அதனால என்னோட எந்த வேலை நின்னுச்சு. எனக்கு வந்தது 11 மணி நேரம். நான் மூணோ நாலோ மணி நேரம்தான் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன், ஊர் கணக்கெல்லாம் பாக்கற எனக்கு இத எழுதிப் பாக்கணும்னு தோணவே இல்ல பாருங்க.

இந்த கிளாஸ்ல குடுத்த காசுக்கு மேல எனக்கு கெடைச்சதுன்னா அது நடிச்சுப் பாக்கற பயிற்சிதான். ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஒருத்தர் பாஸ், ஒருத்தர் ஊழியர். எனக்கு பாஸா வந்த அம்மா நிஜமாவே ஒரு மேனேஜர், பின்னி எடுத்துட்டாங்க. நான் "சார் இன்னிக்கு கொஞ்சம் வேலை இருக்கு"ன்னேன், "பரவால்ல, நாளைக்குக் குடு"ன்னாங்க. "எனக்கு அந்த சாஃப்ட்வேர் சரியா தெரியாது"ன்னேன், "கத்துக்கோம்மா, உனக்குத்தான் நல்லது"ன்னாங்க. "வீட்டுக்கு சீக்கிரம் போகணும்"னேன், "வீட்லேர்ந்து பண்ணி அனுப்பு"ன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல எங்கிட்ட இருந்த காரணம் எல்லாம் தீந்துபோச்சு. அப்பத்தான் புரிஞ்சது, நான் ஒரு காரணம் சொல்லச் சொல்ல அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டே போவாரு, ஏன்னா என் காரணம் எதுவுமே உண்மையான காரணம் இல்ல. இது என் வேலை இல்லங்கறதுதான் உண்மையான காரணம், அத மட்டும் நான் சொல்லவே இல்ல.

அப்பறம்தான் பேச்ச மாத்தச் சொல்லிக் குடுத்தாங்க. ஆபீஸ் வேலைதான், ஆனா அளவுக்கு மேல வருதுன்னா, "சார், ரிகன்சிலியேஷன் இன்னிக்கு 4 மணிக்குள்ள போகணும், இத எடுத்தா அது நாளைக்குத்தான் ஆகும், எத மொதல்ல பண்ணட்டும்?"னு முடிவ அவர்கிட்டயே விட்டுடணும். சொந்த வேலைக்கு இந்தக் கேள்விய தப்பித்தவறிக்கூட கேக்கக் கூடாது, "இத மொதல்ல பண்ணு"ன்னு சொல்லிட்டா நாமளே சம்மதிச்ச மாதிரி ஆயிடும். அதுக்கு நேராவே, "சார், வீட்டு வேலையெல்லாம் இனிமே என்னால பண்ண முடியாது சார், ஆபீஸ் வேலை எதுன்னாலும் சொல்லுங்க", அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் திறக்கக் கூடாது. அந்த வாயத் திறக்காம இருக்கறதுதான் கஷ்டம். நான் பயிற்சியிலயே மூணு தடவ "சாரி சார், தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னு சொல்லிக் கெடுத்துட்டேன், நாலாவது தடவைலதான் வந்துச்சு.

பொண்ணுங்களுக்குன்னு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினாங்க. 2017ல ஒரு அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ்ல வந்த ஆராய்ச்சி, யாருக்கும் பேரு வாங்கிக் குடுக்காத வேலைக்கு ஆள் வேணும்னு ஒரு குழுவ கேட்டா ஆம்பளைங்கள விட பொம்பளைங்கதான் அதிகமா முன்வர்றாங்க, ஆனா முழுக்க ஆம்பளைங்களே இருக்கற குழுன்னா அவங்களும் தாராளமா முன்வர்றாங்க. அதாவது பொண்ணு இருந்தா அவ பாத்துப்பான்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க, அவளும் அப்படியே நெனைக்கறா. இத கேட்டதும் என் டிபார்ட்மென்ட்ல மீட்டிங் நோட்ஸ் எப்பவும் யாரு எழுதறாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன்.

இப்ப குறைங்க. மூணாவது வாரம் குடுத்த ஈமெயில் மாதிரிகள் எல்லாம் பாஸ பேரு சொல்லிக் கூப்பிடற ஆபீஸுக்கு எழுதினது. "சார்"னு கூப்பிட்டு எந்திரிச்சு நிக்கற எடத்துல அத அனுப்பினா சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கும். அத விட பெரிய குறை, எங்க கூட படிச்ச ஒருத்தங்க கான்ட்ராக்ட்ல இருக்காங்க, ரெண்டு மாசத்துல புதுப்பிக்கணும், "நான் முடியாதுன்னா என்னை எடுத்துட்டு வேற ஆளப் போட்டுருவாங்களே, நான் என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. "உங்க மதிப்ப நீங்கதான் உணரணும்"னு பதில் வந்துச்சு. எனக்கு ரொம்ப கோவம் வந்துச்சு. வாடகை கட்டணும், குழந்தை இருக்கு, அவங்ககிட்ட இத சொன்னா என்ன அர்த்தம்? பர்மனென்ட்ல இருக்கற என்னால எடுக்க முடியற ரிஸ்க்க அவங்களால எடுக்க முடியாது. அவங்கள மாதிரி ஆளுங்க தனியா போய் மறுக்காம கூட வேலை பாக்கறவங்களோட சேர்ந்து பேசறது, வாயால சொன்ன வேலைய "நீங்க சொன்னபடி இத பண்றேன்"னு ஒரு மெசேஜா போட்டு வச்சுக்கறது, யூனியன் இருந்தா அங்க போறது, இதப் பத்தியெல்லாம் ஒரு வார்த்தை இல்ல.

தப்பான வேலை, ஆபத்தான வேலைக்கு ஒதுக்கினது வெறும் பத்து நிமிஷம். எண்ணிப் பாக்காத ஸ்டாக்குக்கு கையெழுத்து போடச் சொல்றது, பாதுகாப்பு இல்லாத மெஷின்ல நிக்கச் சொல்றது எல்லாம் ஸ்லைடு போடற விஷயத்தோட சேர்த்துப் பேசற விஷயமே இல்ல. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்துன்னு நியாயமா நம்பி ஒருத்தர் வேலைய விட்டு விலகினா அதுக்காக அவர தண்டிக்கக் கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1981 உடன்படிக்கைலயே, அதான் 155வது உடன்படிக்கை, இருக்கு. நானே தேடிப் படிச்சேன், கிளாஸ்ல சொல்லல. நீங்க இந்த மாதிரி விஷயத்துக்காக சேர்றதா இருந்தா இந்த கிளாஸ் வேண்டாம், உங்க ஊர் சட்டம் தெரிஞ்ச ஒரு லேபர் வக்கீல ஒரு மணி நேரம் போய்ப் பாருங்க.

என் மார்க் 5க்கு 3.5. நடிச்சுப் பாக்கற பயிற்சிக்காகவும் அந்த ரெண்டு வார கணக்குக்காகவும்தான் இவ்வளவு குடுக்கறேன். வேற கிளாஸ்ல சேர்றதா இருந்தாலும் "ரோல் ப்ளே எத்தன மணி நேரம்?"னு மொதல்லயே கேட்டுக்கோங்க, வீடியோ மட்டும் போட்டுக் காட்டறாங்கன்னா பிரயோஜனம் இல்ல.

நான் எங்க சார்கிட்ட சொல்லிட்டேன். ஒரு செவ்வாக்கிழமை, கை நடுங்கிச்சு, ஆனா சாரி மட்டும் சொல்லல. அவரு ஒண்ணும் பேசாம ஃபோன எடுத்துக்கிட்டாரு. ரெண்டு வாரம் குட் மார்னிங் கூட சொல்லல, அப்பறம் சரியாயிடுச்சு. ஆனா அடுத்த ஸ்கூல் ப்ராஜெக்ட், போன மாசம் புதுசா சேர்ந்த பையன்கிட்ட போயிருச்சு. இது எனக்கு மனசுல ரொம்ப உறுத்துச்சு, நாம மறுத்த வேலை அடுத்து யாரு தலைல விழும்ங்கறத நாலு வாரத்துல யாருமே பேசல. ஃபீட்பேக் ஃபார்ம்ல அதத்தான் பெருசா எழுதினேன். நேத்து லஞ்ச் டைம்ல அந்தப் பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், "நான் ப்ரொபேஷன்ல இருக்கேன்க்கா"ன்னு தயங்கினான். மொதல்ல ரெண்டு வாரம் கணக்கு மட்டும் எழுது, எப்ப சொல்றதுன்னு சேர்ந்து முடிவு பண்ணலாம், தேவைன்னா நானும் கூட வர்றேன்னு சொல்லிருக்கேன். சாயங்காலம் மீட்டிங் ரூம்ல நான் சாரா உக்காந்தேன், அவன் எதிர்ல நின்னு பேசிப் பாத்தான். மொத தடவ சாரி சொல்லிட்டான், இன்னிக்கு மறுபடியும் உக்கார்றோம்.