குளிர் தொப்பி: காசு கட்டுவதற்கு முன் அளவு பாருங்கள்

மார்புப் புற்றுநோய்க்கு ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் கீமோ எடுத்துக்கொண்டேன். முடி கொட்டாமல் இருக்கத் தலைக்குக் குளிர் தொப்பி போடுகிறார்கள், காசு தனி. சுங்கை சிப்புட்டில் சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் இதைத்தான் கேட்கிறார்கள். எழுதியே விடுகிறேன்.

தலைத்தோல் குளிர்ந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், முடிவேருக்குப் போகும் மருந்து குறையும். கீமோவுக்கு அரை மணி நேரம் முன்பே மாட்டுவார்கள். மருந்து இறங்கி முடிந்த பிறகும், சில மருந்துகளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை கழற்றக் கூடாது. முதல் பத்து நிமிடம், ஐஸ் கச்சாங்கை அவசரமாக விழுங்கியது போல நெற்றி விண்ணென்று தெறிக்கும். அப்புறம் மரத்துவிடும். போர்வையும் ஃபிளாஸ்கில் சூடாக மைலோவும் எடுத்துப் போங்கள்.

இங்கிலாந்தில் இதைத் தயாரிக்கும் பாக்ஸ்மன் குடும்பம் முன்பு பீர் குளிரூட்டும் தொழிலில் இருந்தவர்களாம். என் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு செய்தியில் ஏகப்பட்ட சந்தோஷம்.

என் குறை தொப்பிமேல் இல்லை, மாட்டியவர்மேல். எனக்கு இடுப்பு வரை அடர்த்தியான முடி. முதல் முறை வந்த மிஸ்ஸி (தாதி) அதை நனைத்தார், கண்டிஷனர் தடவினார், ஆனால் பிரித்துப் பரப்பாமல் அப்படியே இழுத்து மாட்டிவிட்டார். உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சொன்னேன், “பரவாயில்லம்மா” என்றார். மூன்றாவது வாரம் அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய்விட்டது. காதோரமும் பிடரியும் அசையவில்லை. அடுத்த தடவை ஒரு மூத்த மிஸ்ஸி சின்ன அளவுத் தொப்பி எடுத்து, உச்சியை அழுத்திப் பார்த்து, தாடைப் பட்டையை இறுக்கினார். அதற்குப் பிறகு சீப்பில் வழக்கமான உதிர்வுதான். பக்க முடியை ஏற்றிச் சீவினால் என் டியூஷன் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

எனக்கு ஏறியது பக்லிடாக்சல், அந்த வகைக்குத் தொப்பியின் பலன் கூடுதல். சிவப்பு மருந்து என்கிறோமே, டாக்சோருபிசின், அதற்குக் குறைவு. 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தொப்பி போட்ட மார்புப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பாதிக்கு மேல் முடியைக் காப்பாற்றிக்கொண்டார்கள், போடாதவர்களில் ஒருவர்கூட இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகாது.

எதிர்வீட்டு அக்கா கரிசலாங்கண்ணித் தைலம் கொண்டுவந்து, “தேய்ச்சுக்கோடி, ஒரு முடி கொட்டாது” என்றார். வாங்கி அலமாரியில் வைத்தேன். மென்மையான ஷாம்பு, அகலப் பல் சீப்பு, சாயம் வேண்டாம், இறுக்கிய கொண்டை வேண்டாம், அவ்வளவுதான்.

நாள் குறிக்கும்போதே மூத்த மிஸ்ஸி என்றைக்கு வேலையில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வர பஸ்ஸை நம்ப வேண்டாம், முடிய இருட்டிவிடும்.