மால்டிட்டாலா, எரித்ரிட்டாலா?

தருமபுரி பேருந்து நிலையக் கடைகளில் கடலைமிட்டாய்க்குப் பக்கத்திலேயே தொங்கும் ‘சர்க்கரை சேர்க்காத’ ஸ்நாக் பார்களின் உறையைத் திருப்பி மூலப்பொருள் பட்டியலைப் படித்தால், 965 அல்லது 968 என்ற எண்ணைக் காணலாம். முன்னது மால்டிட்டால், பின்னது எரித்ரிட்டால்; இரண்டும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் இனிப்பூட்டிகள்.

மால்டிட்டாலின் சுவை சர்க்கரைக்கு மிக நெருக்கமானது. இனிப்பும் ஏறத்தாழ 90 விழுக்காடு உண்டு. ஆனால் அதன் கிளைசீமிக் குறியீடு (ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்தும் என்பதைக் காட்டும் அளவு) சுமார் 35 என்பதாலும், கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் தருவதாலும், உறையில் மொத்த மாவுச்சத்திலிருந்து அதை முழுவதுமாகக் கழித்துவிட்டு ‘நிகர மாவுச்சத்து’ என்று சிறிய எண்ணை அச்சிடுவதை நான் ஏற்பதில்லை. நீரிழிவு உள்ளவர் பாதியையாவது கணக்கில் சேர்க்க வேண்டும். உறிஞ்சப்படாத பகுதி பெருங்குடலில் நொதிப்பதால், இரண்டு பார் தின்றவர் கிருஷ்ணகிரி வரை வயிற்றுப் பொருமலோடு பயணிக்க நேரலாம்.

எரித்ரிட்டாலில் இனிப்பு 60 முதல் 70 விழுக்காடுதான். நாக்கில் ஒரு குளிர்ச்சியும் தட்டும். ஆயினும் அதன் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, மாறாமல் சிறுநீரில் வெளியேறுவதால், இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை என் தேர்வு இதுவே. இரத்தத்தில் இது மிகுந்திருந்தோருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் வெளியான ஆய்வு தொடர்பைக் காட்டியதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. இருப்பினும் இதய நோயாளிகள் இதை அன்றாடத் தீனியாக்குமுன் மருத்துவரிடம் கேட்பது நல்லது.