மாத லென்ஸா, டெய்லி லென்ஸா? எனக்கு டப்பாதான் பதில் சொன்னது

ஆறு வருடம் மாத காண்டாக்ட் லென்ஸ் போட்டேன். இப்போது ஒன்றரை வருடமாக டெய்லி லென்ஸ். இரண்டுக்கும் நடுவில் இடது கருவிழியில் ஒரு புண் வந்து போனது. அதனால் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஊரறிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மாத லென்ஸை இரவில் கழற்றிச் சொல்யூஷனில் (லென்ஸைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊறவைத்து, பிரித்த நாளிலிருந்து 30 நாளில் தூக்கிப்போட வேண்டும். டெய்லி லென்ஸ் காலையில் புதிது, இரவில் குப்பை. பார்வை இரண்டிலும் ஒன்றுதான். நான் போடும் டெய்லி லென்ஸ் கொஞ்சம் மெலிசு. விரல் நுனியில் மடங்கிக்கொண்டு முதல் வாரம் படுத்தியது, அப்புறம் பழகிவிட்டது.

எல்லா வித்தியாசமும் டப்பாவில்தான். மாத லென்ஸ் என்றால், அதை ஊறவைக்கக் கூடவே ஒரு டப்பா இருக்கும். அதன் உள்சுவரில் பாக்டீரியா வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் சொல்யூஷன் சரியாக இறங்காது. அந்த பாக்டீரியாவைத் தின்று வளரும் இன்னொரு ஆளும் உண்டு: அகாந்தமீபா. குழாய்த் தண்ணீரில், தொட்டியில், மண்ணில் எங்கும் இருக்கும் ஓரணு உயிர். கஷ்டம் வந்தால் கூடு கட்டி உள்ளே பதுங்கிக்கொள்ளும். குளோரின் எல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. கருவிழிக்குள் புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் சொட்டு மருந்துதான்.

நான் செய்துகொண்டிருந்தது என்ன? பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி வீடு. கோடையில் லாரித் தண்ணீர் சம்ப்புக்கு வந்து, அங்கிருந்து மேல்தொட்டிக்கு ஏறி, குழாயில் வரும். அந்தத் தண்ணீரில்தான் டப்பாவைத் தினமும் ‘சுத்தமாக’ அலசினேன். அசதியான இரவுகளில் பழைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன்மேலேயே புதிதை ஊற்றினேன். பிரிட்டனில் அகாந்தமீபா தொற்று அதிகம் இருப்பதற்கு அங்கே வீடுகளில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளும் ஒரு காரணம் என்று பின்னால் படித்தபோது, எங்கள் மொட்டை மாடித் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை கண் சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். அது ஸ்டீராய்டு கலந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கருவிழிப் புண்ணுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. திங்கட்கிழமை ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை. மணலை அள்ளிப் போட்டதுபோல் ஒரே உறுத்தல், அந்தக் கண்ணில் மட்டும். டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். மரக்க வைத்து, புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

“ஏம்மா, லென்ஸ் டப்பாவை எப்போ மாத்தினே?”

“முதல்ல வாங்கினதுதான் டாக்டர்.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். வந்தது சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா. முதல் இரண்டு நாள் மணிக்கு ஒருமுறை சொட்டு, ராத்திரியும் அலாரம் வைத்து. “கண்ணுல பூ விழுந்துடுமோ” என்று அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நல்லவேளை, தழும்பு ஓரத்தில் நின்றது, பார்வை தப்பியது.

சரி, டெய்லிக்கு மாறினால் தொற்றே வராதா? வரும். 2008-ல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், பகலில் மட்டும் மாத லென்ஸ் போன்ற சாதாரண மிருது லென்ஸ் போடுவோரிலும் டெய்லி போடுவோரிலும் கருவிழித் தொற்று ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 2 தான். லென்ஸோடு தூங்குவோரில் அது சுமார் 20. ஆக, தூக்கம்தான் பெரிய எதிரி. நான் செய்யாத ஒரே தப்பு அது. ஆனால் அகாந்தமீபாவில் கதை மாறுகிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆய்வு ஒன்றில், திரும்பத் திரும்பப் போடும் லென்ஸ்காரர்களுக்கு டெய்லிக்காரர்களைவிட அந்த ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. லென்ஸோடு குளிப்பதும் அதே ஆய்வில் மாட்டியது. அதனால் டெய்லி போட்டுக்கொண்டு ஷவரில் நின்றால் பயனில்லை. கழற்றிய டெய்லி லென்ஸைக் கிண்ணத்தில் போட்டு மறுநாளும் மாட்டுபவர்களை எனக்குத் தெரியும். அதற்கு மாத லென்ஸே தேவலை.

மாத லென்ஸை ஒழுங்காகப் பராமரிக்க முடியாதா என்றால், முடியும். லென்ஸை உள்ளங்கையில் வைத்துச் சொல்யூஷனால் தேய்த்துக் கழுவ வேண்டும். தினமும் டப்பாவைக் காலி செய்து, சொல்யூஷனாலேயே அலசி, திறந்தபடி கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். என் அலுவலகத் தோழி பத்து வருடமாக இதைச் செய்கிறாள், அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அவள் இல்லை. அவ்வளவுதான். சில சமயம் சொல்யூஷனே காலை வாரும்: 2006-ல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்காவில் ஃபுசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று பரவியபோது, ரெனு மாய்ஸ்ச்சர்லாக் என்ற சொல்யூஷனை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

செலவு டெய்லியில் கூடத்தான். மாத லென்ஸும் சொல்யூஷனும் சேர்த்து எனக்கு மாதம் 800 ரூபாய்க்குள் முடிந்தது. டெய்லியில் 30 லென்ஸ் கொண்ட ஒரு பெட்டி 1,600 ரூபாய். தினமும் போட்டால் மாதம் இரண்டு பெட்டி. நான் வாரம் மூன்று நாள்தான் போடுகிறேன், மற்ற நாள் கண்ணாடி. மாதம் 24 லென்ஸ், ஏறக்குறைய 1,300 ரூபாய். தினமும் போட்டே ஆக வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

எனக்குச் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இல்லை. அது அதிகம் உள்ளவர்களுக்கு டெய்லியில் எல்லாப் பவரும் கிடைப்பதில்லை. கெட்டி லென்ஸ் நான் போட்டதே கிடையாது, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

எந்த லென்ஸ் போட்டாலும், ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள். போகும்போது லென்ஸையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் கண்ணிலிருந்து சுரண்டியதில் வளர்ந்த அதே கிருமி, டப்பாவிலிருந்தும் வளர்ந்தது.