ஏஎம்சி இருந்தும் ஏப்ரலுக்கே போய்விட்ட எங்கள் சர்வர்

தி. நகரில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஆடிட்டர் ஆபீஸ். லினக்ஸ் சர்வர் ஒன்று, அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க். 'ரெய்டு 1' அமைப்பு, அதாவது மிரர்: ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும். ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடைக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார், தூசி ஊதுவார், 'ரெய்டு ஓகே' என்று டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார். ஜூலையிலும் அப்படித்தான்.

ஆகஸ்டில் கரண்ட் போய் வந்தபின் சர்வர் எழவில்லை. டெக்னீஷியன் வந்து, பென் டிரைவில் பூட் செய்து, இரண்டு டிஸ்க்கிலும் 'எம்டிஏடிஎம் எக்ஸாமின்' (லினக்ஸில் ரெய்டு டிஸ்க்கின் குறிப்பைப் படித்துக் காட்டும் கட்டளை) ஓட்டினார். ஆபீஸ் பையன் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். ஒரு டிஸ்க்கில் ஈவென்ட்ஸ் (மாற்றங்களின் எண்ணிக்கை) 48 ஆயிரத்துச் சொச்சம், அப்டேட் டைம் அன்று காலை, அரே ஸ்டேட் (ஜோடியின் நிலை) 'ஏ புள்ளி', அதாவது ஒரு டிஸ்க் இருக்கிறது, இன்னொன்று இல்லை. இன்னொன்றில் ஈவென்ட்ஸ் 31 ஆயிரம், அப்டேட் டைம் ஏப்ரல், ஸ்டேட் 'ஏ ஏ', அதாவது இரண்டும் இருக்கின்றன.

அவர் 'ஏ ஏ' என்றிருந்ததைத்தான் நல்ல டிஸ்க் என்று எடுத்துக்கொண்டார். கூட்டணியிலிருந்து கழன்று விழுந்த டிஸ்க்குக்குத் தான் விழுந்ததே தெரியாது. கடைசியாக எழுதிய நிலையையே சொல்லிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்தான் ஜோடி போனதைக் குறித்து வைக்கும். ஈவென்ட்ஸ் எண் எதில் அதிகமோ அதில்தான் புதிய டேட்டா. இதைப் படிக்கத் தெரியாதவருக்கு எதற்கு ஏஎம்சி?

அப்புறம் என்ன, பழைய டிஸ்க்கில் சர்வரைக் கிளப்பி, புதிய டேட்டா இருந்ததை 'ஆட்' செய்துவிட்டார். ராத்திரி முழுக்க சிங்க் ஓடியது, அதாவது பழைய டேட்டா புதியதன் மேல் எழுதப்பட்டது. காலையில் கணக்கு எழுதும் டாலியைத் திறந்தால் ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வவுச்சர்கூட இல்லை.

அதோடு விடவில்லை. 'டேட்டா ரெக்கவரி பண்ணிடலாம் சார்' என்று கடைக்காரர் 18,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். மேலே முழுசாக எழுதப்பட்ட டிஸ்க்கிலிருந்து பழைய பைல் வராது என்பது அவருக்குத் தெரியாதா?

மிரர் வைத்திருப்பவர்கள் ப்ராக் அடைவில் (/proc) உள்ள எம்டிஸ்டாட் (mdstat) பைலை நீங்களே திறந்து பாருங்கள். 'யூ யூ' இருந்தால் சரி. ஒரு யூ இருக்கவேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் வெளியே போய்விட்டது. ஏப்ரலிலிருந்து எங்களுடையது அப்படித்தான் இருந்திருக்கிறது, டிக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. டிஸ்க் கழன்றால் மெயில் அனுப்பும் வசதியும் எம்டிஏடிஎம்மிலேயே உண்டு. மெயில் ஐடி கொடுத்து வைத்து, சர்வரிலிருந்து மெயில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழன்ற டிஸ்க்கைச் சேர்க்கும் முன் இரண்டையும் தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸ் டிஸ்க்குக்குக் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பவேண்டாம், ரீபூட்டில் மாறலாம். சீரியல் நம்பரை ஸ்டிக்கரோடு ஒத்துப் பாருங்கள். 'ரிப்பேர்' கட்டளையும் உதவாது. இரண்டில் எது சரி என்று அதற்குத் தெரியாது, ஒன்றை இன்னொன்றில் காப்பி செய்துவிடும்.

அட்வான்ஸ் இன்னும் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறோம். போனில் எடுத்த படமும் ஜூலை ரிப்போர்ட்டும் கையில் இருக்கின்றன.