பேசிவ் சோலார் வீட்டில் 9 ஆண்டுகள்: தரை, நிழல், ஒரு பாலித்தீன் தாள்

குளிர்கால இரவில் 9 மணிக்கு எங்கள் கூடத்துத் தரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் இளஞ்சூடு ஏறும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், ஹீட்டர் ஓடாது. காலை 10 மணியிலிருந்து 3 மணிவரை தெற்குக் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலைத் தரை வாங்கி வைத்திருந்து, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. இயந்திரங்களை அதிகம் நம்பாமல், வெயில், நிழல், தரை, சுவர் ஆகியவற்றாலேயே சூட்டையும் குளிர்ச்சியையும் சமாளிக்கும் இப்படிப்பட்ட வீட்டைத்தான் பேசிவ் சோலார் வீடு என்கிறார்கள். இந்த வீட்டுக்கு வந்து 9 குளிர்காலமும் 9 கோடையும் ஆகிவிட்டன. இப்படி வீடு கட்ட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கண்ணாடியைப் பற்றித்தான். நான் பேச ஆரம்பிப்பது நிழலைப் பற்றி.

30 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் 83 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். டிசம்பரில் அதே நண்பகலில் 37 டிகிரிதான். தெற்கு ஜன்னலுக்கு மேல் சரியான நீளத்தில் ஒரு சன்ஷேட் இருந்தால் கோடை வெயில் கண்ணாடியைத் தொடாது. குளிர்கால வெயில் சாய்ந்து அறைக்குள் வெகுதூரம் வரும். பூமியின் தென்பாதியில் இருப்பவர்கள் தெற்கு என்ற இடத்தில் வடக்கு என்று படித்துக்கொள்ளலாம். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சூரியன் தாழ்ந்து வருவதால் எவ்வளவு நீள சன்ஷேட்டுக்கும் அடியில் நுழைந்துவிடும்.

இது தெரிந்திருந்தும், தூரத்து மலை தெரிய வேண்டும் என்ற ஆசையில் மேற்கே பெரிய ஜன்னல் வைத்தோம். 3 கோடைகள் அந்த அறையில் மாலை 4 மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. உள்ளே தடித்த திரை போட்டும் வெக்கை குறையவில்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும். அந்தச் சூட்டைக் கண்ணாடி திரும்ப வெளியே விடாது. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே மரச்சட்டங்கள் அடித்த மடக்குக் கதவு போட்டோம். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. நிழல் எப்போதும் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

சன்ஷேட்டிலும் ஒரு குறை உண்டு. வரைபடம் பார்க்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. முதல் வருடம் என் மகள் ஒவ்வொரு மாதமும் நண்பகலில் வெயிலின் விளிம்பு எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தாள். மார்ச் 21-இல் போட்ட கோட்டின் மேலேயே செப்டம்பர் 23-இன் கோடும் விழுந்தது. சூரியனுக்கு இரண்டு நாட்களும் ஒன்றுதான். வீட்டுக்கு அப்படி இல்லை. மார்ச்சில் இன்னும் குளிர் விடவில்லை, வெயில் வேண்டும். செப்டம்பரில் கோடை முழுக்கச் சேர்ந்த சூடு மண்ணிலும் சுவரிலும் இருக்கிறது, நிழல் வேண்டும். அசையாத சன்ஷேட் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தரும். நாங்கள் அதன் முன்னால் ஒரு பந்தல் கட்டி, குளிரில் இலை உதிர்க்கும் கொடியைப் படரவிட்டோம். கொடி நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, குளிரையும் சூட்டையும்தான் பார்க்கிறது. மார்ச்சில் மொட்டையாக நிற்கிறது, செப்டம்பரில் அடர்ந்து நிற்கிறது. இலை உதிர்ந்த பின்னும் வெறுங்கொடியே கொஞ்சம் வெயிலைத் தடுக்கும். அதனால் ஆண்டுதோறும் கவாத்து செய்வதை விடக்கூடாது.

வாங்கிய சூட்டைப் பிடித்துவைக்க வீட்டுக்குள் கனமான பொருள் வேண்டும். காங்கிரீட், செங்கல், கல் எல்லாமே நல்லவை. அதே கன அளவுக்குத் தண்ணீர் காங்கிரீட்டைப்போல் இரண்டு மடங்கு சூடு பிடிக்கும். எங்களுடையது அடர்நிறக் காங்கிரீட் தரை. அதன் அடியில் இன்சுலேஷன், அதாவது சூடு கடந்துபோகாமல் தடுக்கும் அடுக்கு, இருக்கிறது. இல்லாவிட்டால் சூடு பூமிக்குள் இறங்கிவிடும். சுவருக்கும் இன்சுலேஷன் வெளிப்பக்கம்தான். உள்ளே ஒட்டினால் சுவரின் கனம் அறைக்குப் பயன்படாமல் போகும். இரண்டாம் குளிர்காலத்தில் கூடம் அழகாக இருக்கட்டும் என்று பெரிய கம்பளம் விரித்தோம். மதியம் அறை கொதித்தது, இரவு 10 மணிக்கே நடுங்கினோம். தரைக்கும் வெயிலுக்கும் நடுவில் கம்பளம் படுத்திருக்கிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது. சுருட்டி வடக்கு அறைக்கு அனுப்பிவிட்டோம்.

படுக்கையறைக்கு ட்ரோம்ப் சுவர் கட்டினோம். கருப்பு வண்ணம் பூசிய கனமான சுவர், அதன் முன்னால் சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி. 1881-இல் அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1967-இல் பிரான்ஸின் ஓடெய்யோவில் பொறியாளர் ஃபெலிக்ஸ் ட்ரோம்பும் கட்டடக் கலைஞர் ஜாக் மிஷேலும் இந்த முறையில் வீடு கட்டிய பிறகே அது ட்ரோம்பின் பெயரால் பரவியது. எங்கள் சுவர் 25 செ.மீ. கனம். நண்பகல் சூடு உள்பக்கம் வந்து சேர இரவு 8 மணி ஆகிறது, படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக. அம்மா தூங்குமுன் முதுகைச் சற்று நேரம் அந்தச் சுவரில் சாய்த்துக்கொள்வார்.

ஆனால் முதல் குளிர்காலத்தில் விடியற்காலை அந்த அறைதான் வீட்டிலேயே அதிகம் குளிர்ந்தது. சுவரின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் உண்டு. பகலில் இடைவெளியில் சூடான காற்று மேல் துளை வழியாக அறைக்குள் வரும்; அறையின் குளிர்ந்த காற்று கீழ்த் துளை வழியாக உள்ளே போகும். இரவில் கண்ணாடி குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழாகி, கீழ்த் துளையிலிருந்து குளிர்காற்று அறைக்குள் கொட்டும். கீழ்த் துளையில் கம்பிவலை அடித்து, வலைக்கு அந்தப்பக்கம், இடைவெளியை நோக்கி, மெல்லிய பாலித்தீன் தாளைத் தொங்கவிட்டேன். பகலில் காற்று தாளைத் தள்ளிக்கொண்டு போகிறது. இரவில் திரும்பி வரும் காற்றே தாளை வலையோடு ஒட்டி அடைத்துவிடுகிறது. 9 ஆண்டுகளில் தாளை 2 முறை மாற்றியிருக்கிறேன்.

பேசிவ் என்ற பெயரைக் கேட்டு, கட்டிவிட்டால் வீடு தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் தினமும் வேலை இருக்கிறது. இரவு ஜன்னல்களையும் உயரத்து வென்டிலேட்டர்களையும் திறந்து, சூடான காற்று மேலே ஏறி வெளியேற வழிவிட வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பகல் 11 மணிக்கு "கொஞ்சம் காத்து வரட்டுமே" என்று யாராவது ஜன்னலைத் திறந்தால், இரவெல்லாம் சுவரில் சேர்த்த குளிர்ச்சி ஒரு மணி நேரத்தில் போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் இது பழக 2 கோடைகள் ஆயின. இரவிலும் புழுக்கம் தணியாத ஈரப்பதமான ஊர்களில் இந்த வழி பலிக்காது. அங்கே நிழலும், லேசான சுவரும், எதிரெதிர் ஜன்னல்களின் காற்றோட்டமும்தான் கைகொடுக்கும்.

வெளிச்சத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் 2 முதல் 2.5 மடங்கு ஆழம்வரை பகல் வெளிச்சம் நன்றாக எட்டும். ஜன்னலை உயர்த்தி வைத்ததால் பகலில் விளக்கு போடுவதே இல்லை. குளிர்காலத்தில் தாழ்ந்த வெயில் கண்ணில் அடிப்பதால் எழுதும் மேசையைச் சுவரோரம் நகர்த்தினேன். தெற்கே போட்ட நாற்காலித் துணிகள் வெளுத்துவிட்டன.

ஹீட்டரே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து 4 நாள் மேகம் மூடினால் தரை தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடும். எங்களிடம் சின்ன ஹீட்டர் ஒன்று இருக்கிறது, அப்படிப்பட்ட நாட்களில் அதைப் போடுகிறோம். மேகமூட்ட நாட்களை ஈடுகட்டக் கண்ணாடியைக் கூட்டுவதும் தப்பு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கட்டிய சோலார் வீடுகள் பலவற்றில் கண்ணாடி அளவுமீறி இருந்தது. பகலில் வெந்து, இரவில் அதே கண்ணாடி வழியாகச் சூட்டை இழந்தன. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் பாசிவ்ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும்படி கட்டும் முறை) வீடுகள் இன்சுலேஷனுக்கும் காற்றுக் கசிவைத் தடுப்பதற்கும் முதலிடம் கொடுத்தன. இன்னொரு முறை கட்டினால் நானும் தெற்குக் கண்ணாடியில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்தச் செலவை இன்சுலேஷனில் போடுவேன். ராத்திரியில் கண்ணாடியை மூட இன்சுலேஷன் வைத்த பலகைக் கதவும் முதலிலேயே செய்துவிடுவேன். இந்த வீட்டுக்கு அதை இந்தக் குளிர்காலத்துக்குள் பொருத்த அளவெடுத்து வைத்திருக்கிறேன்.