டாப்பிங் இ30 டாக்: சிப்பை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்

என் ஸ்டீரியோ ஆம்ப் பழையது. பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ இன்புட் மட்டும்தான். டிவியிலோ ஆப்டிகலும் எச்டிஎம்ஐயும் தவிர வேறு ஆடியோ அவுட் கிடையாது. கணினியில் சேர்த்து வைத்திருக்கும் பாட்டும் இதே ஆம்புக்குத்தான் போயாக வேண்டும். டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்குப் புரியும் அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டிதான் டாக் (DAC). அதைத் தேடி, டாப்பிங் கம்பெனியின் இ30-ஐ எடுத்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

தேட ஆரம்பித்தால் போதும், ஆளாளுக்கு உள்ளே இருக்கும் சிப்பைப் பற்றிய புராணம். ஏகேஎம், ஈஎஸ்எஸ் இரண்டும் டாக் சிப் செய்யும் கம்பெனிகள். ஏகேஎம் என்றால் இதமாம், ஈஎஸ்எஸ் என்றால் கூர்மையாம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் ஆலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் ஈஎஸ்எஸ் பக்கம் போயின. அதனால் யார் வீட்டுப் பாட்டும் கெட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. இ30-இல் இருப்பது ஏகேஎம்மின் ஏகே4493. கேட்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

சரி, சத்தம் எப்படி? போனில் செருகும் சின்ன டாங்கிளோடு மோதவிட்டுப் பார்த்தேன். முதலில் இ30 தான் அள்ளியது. பேஸ் கிட்டார் இன்னும் அழுத்தமாக, குரல் இன்னும் முன்னால். உடனே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு இரண்டையும் அளந்தேன். டாங்கிள் 1 வோல்ட் பக்கம், இ30 2 வோல்ட் பக்கம். அதாவது 6 டெசிபல் கூடுதல். சத்தம் கூடினாலே காதுக்கு அது நல்ல சத்தம்தான். இ30-ஐ அதன் சத்தத்தை ரிமோட்டிலேயே கூட்டிக் குறைக்க விடும் ப்ரீஆம்ப் மோடுக்கு மாற்றி, -6 டெசிபல் வரை இறக்கிவிட்டு, ஆம்பின் இன்புட்டை மாற்றும் வேலையை மச்சானிடம் கொடுத்தேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சத்தத்தின் சாயலை லேசாக மாற்றுவதற்கென ஆறு டிஜிட்டல் ஃபில்டர்கள் வேறு இருக்கின்றன. அவற்றிலும் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

அப்படியானால் எதற்கு இது? பின்பக்கத்துக்காக. யூஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் உண்டு. கணினியிலிருந்து டிவிக்கு மாற ரிமோட் போதும். கணினியை யூஎஸ்பியில் இணைத்தபோது ஸ்பீக்கரில் மெல்லிய 'உம்ம்' ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அது டாக்கின் குறை அல்ல, கிரவுண்ட் லூப். கணினிக்கும் ஆம்புக்கும் நடுவே எர்த் சுற்றிக்கொள்வதால் வருவது. ஆப்டிகல் கேபிளில் போவது வெளிச்சம் மட்டும்தான், கம்பித் தொடர்பே இல்லை. என் மதர்போர்டில் ஆப்டிகல் அவுட் இருந்ததால் கணினியை அதற்கு மாற்றினேன், இரைச்சல் அப்படியே நின்றது. ஆப்டிகலில் சாம்பிள் ரேட் 192 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. என்னிடம் இருப்பதெல்லாம் சிடியிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுதான், அதனால் எனக்கு அது குறையே இல்லை. டிவி இப்போது கோஆக்சியலில், ஆப்டிகலை கோஆக்சியலாக்கும் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வழியாக.

டிவியை இணைப்பவர்கள் டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஆடியோ) என்று மாற்றிவிடுங்கள். டால்பியில் விட்டால் பாட்டு வராது, இ30 அதைப் பிரிக்காது. ஹெட்போன் ஜாக்கும் இதில் இல்லை. முன்னால் இருக்கும் டச் பட்டன் எனக்குப் பிடிக்கவில்லை. துடைக்கத் துணி பட்டாலே விழித்துக்கொள்கிறது.

பெட்டியில் அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி பவர் கேபிள் மட்டும். வீட்டில் சும்மா கிடக்கும் 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். உங்கள் ஆம்பிலேயே ஆப்டிகல் இன்புட் இருந்தால் இது எதுவும் வேண்டாம், அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.